தோட்டத்துக்கு மானியம் வருமுன்: புதிதாக வேலைக்கு வருவோருக்குச் சில வழிமுறைகள்

நான் பொறுப்பாக இருந்து செய்த முதல் மானிய வேலை ஒரு தண்ணீர்த் திட்டம். இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம், கீழ்ப்பிரிவில் மூன்று லயம் (தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகள்). ஊற்றிலிருந்து பைப் இழுத்து, 2000 லீற்றர் தாங்கி இரண்டு வைத்து, லயத்துக்கு இரண்டு குழாய் கொடுத்தோம். கணக்கு சுத்தம். பில் எல்லாம் கோப்பில் இருந்தது. நிதி கொடுத்தவர்களும் வந்து பார்த்து, ஒரு வாளித் தண்ணீரோடு படம் எடுத்துக்கொண்டு போனார்கள். மூன்றாம் மாதம் தண்ணீர் நின்றது. பைப் எங்கேயோ உடைந்துவிட்டது என்று மேலே ஏறிப்போனால், வால்வு மூடிக்கிடந்தது. பக்கத்தில் விறகு கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"ஊத்து எங்க டிவிசன்ல இருக்கு தம்பி. கீழ எத்தனையோ கூட்டம் போட்டீங்க. எங்கள ஒரு வார்த்த கேட்டீங்களா?"

கேட்கவில்லை. படிவத்தில் 'பயனாளிகள்' என்ற கட்டத்தில் கீழ்ப்பிரிவு மட்டும்தான் இருந்தது. நானும் அந்தக் கட்டத்துக்குள்ளேயே நின்றுவிட்டேன். படிவம் நிரப்புவதை எந்த நிறுவனமும் இரண்டு நாளில் சொல்லித் தந்துவிடும். அந்தக் கட்டத்துக்கு வெளியே நிற்பவர்களோடு எப்படி வேலை செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படிவம் இல்லாமல் முதல் பயணம்

முதல் முறை போகும்போது கையில் படிவமும் வேண்டாம், கழுத்தில் அடையாள அட்டையும் வேண்டாம். ஆனால் துரைக்கு, அதாவது தோட்ட முகாமையாளருக்கு, தெரியாமலும் போகாதீர்கள். காலையில் கந்தோருக்கு (அலுவலகத்துக்கு) போய், "இன்ன இடத்திலிருந்து வருகிறேன், லயத்துப் பக்கம் ஆட்களைச் சந்திக்க வேண்டும்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், பிறகு கடிதம் கேட்டு வரும்போது நீங்கள் புது முகமாக இருக்கமாட்டீர்கள். கடிதத்தில் தோட்டத்தின் பதிவுப் பெயரை எழுதுங்கள். பஸ்ஸில் வழி கேட்கும்போது ஊர்ச் சனங்கள் வைத்த தமிழ்ப் பெயரைச் சொல்லுங்கள். பல தோட்டங்களுக்கு இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருக்கும்.

போனதும் ஒரு தாளில் யார் யார் இருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். துரை, வெல்பெயார் உத்தியோகத்தர், பிள்ளைக்காம்பரா (குழந்தைகள் காப்பகம்) பொறுப்பாளர், தொழிற்சங்கத் தலைவர்மார், கோயில் கமிட்டி, மாதர் சங்கம், மரண உதவிச் சங்கம், விளையாட்டுக் கழகம், தோட்டத் தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கம், பாடசாலை அபிவிருத்திச் சங்கம். தோட்டத்துக்கு வெளியே கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகத்தின் அபிவிருத்தி உத்தியோகத்தர், பிரதேச சபை உறுப்பினர், தண்ணீர் அல்லது மலசலகூட வேலை என்றால் பி.எச்.ஐ. என்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர். பெயர்ப் பட்டியல் பார்த்துப் பயப்பட வேண்டாம். இதில் பாதிப் பேர் ஒரே ஆளாகத்தான் இருப்பார்கள். கோயில் தலைவரே மரண உதவிச் சங்கத்தின் பொருளாளராகவும் இருப்பார். யார் எத்தனை தொப்பி போட்டிருக்கிறார் என்பதைத் தெரிந்துகொள்வதே இந்தப் பயணத்தின் வேலை.

கூட்டம் எப்போது வைப்பது என்பதும் இங்கேதான் தெரியவரும். கொழுந்து நிறுத்து முடித்து, பிள்ளைக்காம்பராவிலிருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு, அடுப்பு மூட்டும் நேரத்தில் கூட்டம் வைத்தால் ஆண்கள் மட்டும்தான் வருவார்கள். பிறகு அறிக்கையில் 'பெண்களின் பங்கேற்பு குறைவு' என்று எழுதுவோம். ஞாயிறு பின்னேரம் மூன்று மணி எனக்குச் சரிவந்த நேரம். சம்பள நாளையும் திருவிழா வாரத்தையும் தவிருங்கள்.

எந்தச் சங்கத்தோடு கைகோப்பது

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் நன்றாகப் பேசுகிற ஆளைத்தான் பிடிப்பார்கள். நான் பார்ப்பது இரண்டு புத்தகம்: கூட்டறிக்கைப் புத்தகமும் வங்கிப் புத்தகமும். கூட்டறிக்கை கடைசியாக எப்போது எழுதப்பட்டது, கையெழுத்துகள் ஒரே பேனாவில் ஒரே நாளில் போட்டதுபோல இருக்கின்றனவா, வங்கிக் கணக்கில் கடந்த ஒரு வருடத்தில் பணம் போய்வந்திருக்கிறதா என்று பாருங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். ஒழுங்காக நடக்கிற சங்கம் புத்தகத்தைக் காட்டுவதில் பெருமைதான் படும்.

என் அனுபவத்தில் தோட்டத்தில் மிக நம்பகமான அமைப்பு மரண உதவிச் சங்கம். யாரும் அதை 'அபிவிருத்தி' என்று நினைப்பதில்லை. ஆனால் மாதாமாதம் வீட்டுக்கு வீடு காசு சேர்ப்பது அதுதான். ஒரு சாவு விழுந்தால் அன்றைக்கே பணத்தை எடுத்து, யாருக்குக் கொடுத்தோம் என்று எழுதிவைக்கும். கட்சி, சங்கம் எல்லாம் தாண்டி எல்லா வீடும் அதில் இருக்கும். ஒரேயொரு சிக்கல், அதன் யாப்பில் (சங்க விதிகளில்) கட்டட வேலைக்கோ தண்ணீர் வேலைக்கோ இடம் இல்லாமல் இருக்கலாம். அப்போது பிரதேச செயலகத்தில் பதிவான கிராம அபிவிருத்திச் சங்கம் அல்லது மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் பணத்தைப் பெறட்டும். காசு சேர்க்கவும் கண்காணிக்கவும் மரண உதவிச் சங்கத்தை உடன் வையுங்கள். இதற்கென்று புதிதாக ஒரு சங்கம் தொடங்குவதை நான் சிபாரிசு செய்வதில்லை. மானியம் முடியும் அன்றே அதுவும் முடிந்துவிடும்.

பதிவைப் பற்றி ஒரு வார்த்தை. வெளிநாட்டுப் பணம் நேரடியாகச் சின்னச் சங்கங்களுக்கு வருவது அபூர்வம். இடையில் ஒரு நிறுவனம் இருக்கும். அது 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழோ, 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிச் சட்டத்தின் கீழ் உத்தரவாத வரையறை கொண்ட கம்பனியாகவோ பதிவாகியிருக்கும். நீங்கள் அந்த நிறுவனத்தின் ஆளாகப் போகிறீர்கள் என்றால் பதிவுப் பத்திரத்தின் பிரதி ஒன்றைப் பையில் வைத்திருங்கள். பிரதேச செயலகத்தில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

கையெழுத்துப் போடுபவர்கள் விடயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். வங்கிக் கணக்கில் மூன்று பேர், அதில் இருவர் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்கலாம், மூவரில் ஒருவராவது பெண், மூவரும் ஒரே லயமோ ஒரே தொழிற்சங்கமோ ஆகக்கூடாது. கடைசி நிபந்தனையைச் சொன்னதும் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை. தேர்தல் வருடத்தில் அதற்காக உங்களுக்கு நன்றி சொல்வார்கள்.

நிலமும் கடிதமும்

சமவெளியிலிருந்து வேலைக்கு வருபவர்கள் தடுக்கி விழும் இடம் இது. கிராமத்தில் கோயிலுக்கோ சங்கத்துக்கோ ஒரு துண்டு நிலம் இருக்கும், கட்டிவிடலாம். தோட்டத்தில் லயம் நிற்கிற நிலம் தொழிலாளியுடையது இல்லை. பெரும்பாலான தோட்டங்களை 1992 முதல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள் நடத்துகின்றன. நிலம் அரசுடையது, கம்பனியிடம் குத்தகைக்கு இருக்கிறது. கண்டி, மாத்தளைப் பக்கம் அரச நிறுவனங்களே நேரடியாக நடத்தும் தோட்டங்களும் உண்டு. எதுவானாலும் ஒரு தாங்கி வைக்கவோ, ஒரு சுவர் எழுப்பவோ எழுத்தில் சம்மதம் வேண்டும். துரை வாயால் "சரி, செய்யுங்கள்" என்பார். அடுத்த மாதம் அவருக்கு இடமாற்றம் வரும். புதிதாக வருகிறவருக்கு ஒன்றும் தெரியாது. அதனால் கடிதம். அதில் இடம் எது, எத்தனை பேர்ச் நிலம், என்ன வேலை, முடிந்த பிறகு பராமரிப்பது யார் என்று நான்கும் இருக்கவேண்டும். ஏழு பேர்ச் காணியோடு கட்டிய தனி வீட்டுத் திட்டங்களில் மட்டும் கதை வேறு. அங்கே உறுதிப் பத்திரம் கைக்கு வந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள்.

பிரதேச சபையை மறந்துவிடாதீர்கள். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவால், நெடுங்காலம் சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவிட முடியாமல் இருந்தது. 2018இல் அது திருத்தப்பட்டது. இப்போது முகாமைத்துவத்தோடு கலந்துபேசிச் சபை தோட்டத்துக்குள் வேலை செய்யலாம். ஆனாலும் "தோட்டத்துக்குள் எங்களுக்கு அதிகாரமில்லை" என்ற பழைய பதில் இன்னும் சில மேசைகளில் இருக்கிறது. திருத்தம் வந்த வருடத்தை நினைவில் வைத்துக்கொண்டு மரியாதையாகச் சொல்லுங்கள். எந்தச் சபை என்பதையும் சரிபாருங்கள்: 2018 தேர்தலோடு பழைய அம்பகமுவ சபை அம்பகமுவ, நோர்வூட், மஸ்கெலியா என மூன்றானது, நுவரெலியா சபையிலிருந்து கொட்டகலையும் அக்கரப்பத்தனையும் தனியாகின. பழைய கோப்பைப் பார்த்து விலாசம் எழுதி, கடிதம் இரண்டு மாதம் சுற்றிய கதை எனக்குத் தெரியும்.

கட்டடம் எதுவானாலும் மண்சரிவு அபாயம் பற்றித் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அபிப்பிராயம் வேண்டும். இதைத் தலைவலி என்று நினைப்பவர்கள் கொஸ்லாந்தை மீரியபெத்தையை நினைத்துக்கொள்ளட்டும். 2014 ஒக்டோபர் 29 காலையில் அங்கே லயங்கள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தில் செய்த அழிவுக்குப் பிறகு யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. அறிக்கை கைக்கு வருமுன் அத்திவாரக் கயிறு பிடிக்க வேண்டாம்.

எல்லாக் கடிதத்தையும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக்கொண்டு போங்கள். தமிழில் பதில் பெறுவது நமது உரிமை. அதைக் கேட்கவும் வேண்டும். ஆனால் மேசையில் இருப்பவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாவிட்டால், உரிமை வரும்வரை கோப்பு அங்கேயே கிடக்கும். சிங்களப் பிரதி கோப்பை நகர்த்தும்.

ஏற்கெனவே யார் கொடுக்கிறார்கள்

ஒருங்கிணைப்பு என்ற பெரிய சொல்லுக்கு என் அகராதியில் ஒரு தாள்தான் அர்த்தம். இடப்பக்கம் வேலைகள்: கூரைத் தகடு, மலசலகூடம், தண்ணீர், படிக்கட்டு, பிள்ளைக்காம்பரா. மேலே கொடுப்பவர்கள். கட்டத்துக்குள் எந்த லயம், எவ்வளவு, எந்த மாதம். மலையகத்தில் பணம் வரும் வழிகள் நாம் நினைப்பதைவிடப் பல. ட்ரஸ்ட் என்று எல்லோரும் சொல்கிற பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம், 2018இல் சட்டம் நிறைவேறி வந்த புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபை, பாராளுமன்ற உறுப்பினரின் பன்முகப்படுத்தப்பட்ட நிதி, பிரதேச சபை, மற்ற என்.ஜீ.ஓ.க்கள், கொழும்பிலும் மத்திய கிழக்கிலும் வேலை செய்கிற பிள்ளைகள் கோயிலுக்கு அனுப்பும் காசு. பெயார் ட்ரேட் (நியாய வணிகம்) சான்றிதழ் உள்ள தோட்டமென்றால், அதற்காகக் கிடைக்கும் மேலதிகப் பணத்துக்குப் பிரீமியம் குழு ஒன்று இருக்கும். அந்தப் பணத்தை எதற்குச் செலவழிப்பது என்று தீர்மானிப்பது தொழிலாளர்கள் தெரிவு செய்த குழு. அவர்களிடம் போய்ப் பேசாமல் நீங்களாக ஒரு திட்டம் எழுதுவது அநியாயம்.

இந்தத் தாள் இல்லாவிட்டால் என்ன நடக்கும்? ரோட்டோர லயத்துக்கு மூன்று பேர் தாங்கி கொடுப்பார்கள். வாகனம் போகாத மேல் லயத்துக்கு ஒருவரும் கொடுக்கமாட்டார்கள். அனர்த்த காலத்தில் இது இன்னும் மோசம். ஒரே வீட்டில் நாலு அடுப்பு இருக்கும், பக்கத்து வீட்டில் பாய் இருக்காது. தாளைப் பிரதேச செயலகத்துக்கு ஒரு பிரதி, தோட்டக் கந்தோருக்கு ஒரு பிரதி, மற்ற நிறுவனங்களின் வெளிக்கள உத்தியோகத்தர்களுக்கு வட்ஸ்அப்பில் ஒரு படம் என்று அனுப்புங்கள். மாதம் ஒரு முறை திருத்துங்கள். போட்டி நிறுவனத்துக்கு நம் விபரத்தைக் கொடுப்பதா என்று மேலதிகாரி கேட்கலாம். கொடுங்கள். அவர்களும் தருவார்கள்.

அரசாங்கப் பணத்தோடு சேர்த்து வேலை செய்தால் ஒரு திகதியை மறக்கக்கூடாது: டிசம்பர் 31. அதற்குள் செலவாகாத ஒதுக்கீடு திரும்பிப் போய்விடும். சபைப் பணத்தில் பைப்பும் உங்கள் பணத்தில் தாங்கியும் என்று பிரித்திருந்தால், சபையின் பங்கை முதலில் முடியுங்கள். எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்று யாரும் சொல்ல மறுத்தால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. விண்ணப்பித்து 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவைச் சொல்லவேண்டும். அந்தச் சட்டம் வெளிநாட்டு அரசிடமோ சர்வதேச அமைப்பிடமோ கணிசமான நிதி பெற்றுப் பொதுமக்களுக்குச் சேவை செய்யும் என்.ஜீ.ஓ.க்களையும் கட்டுப்படுத்தும். அதாவது லயத்து ஆள் ஒருவர் உங்களிடமும் கேட்கலாம்.

மணலுக்குக் கணக்குப் போடுவது

வரவுசெலவு பற்றிப் பல பயிற்சிகள் நடக்கின்றன. நான் ஒரு கியூப் மணலை மட்டும் சொல்கிறேன். ஒரு கியூப் என்றால் 100 கன அடி. ஹட்டன் கடையில் தரும் கொட்டேசன் லொறி போகும் இடம் வரைக்கும்தான். லொறி பக்டரியடியில் நின்றுவிடும். அங்கிருந்து லயத்துக்கு ஏற்றம், கொழுந்து மலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதை, மழை பெய்தால் வழுக்கும். ஒரு கியூப் மணல் ஏறத்தாழ நாலரைத் தொன். உரப்பையில் 25 கிலோவாகத் தலைச்சுமை என்றால் 180 நடை. நல்ல தெம்பான ஆள் நாளுக்குப் பதினைந்து நடை போனாலும் பன்னிரண்டு ஆள் நாள் வேண்டும், அதுவும் ஒரு கியூபுக்கு. சின்னத் தாங்கி மேடைக்கும் அத்திவாரத்துக்கும் கல், சீமெந்து, கம்பி எல்லாம் சேர்த்துப் பாருங்கள்.

இதைத்தான் நாம் படிவத்தில் 'சமூகப் பங்களிப்பு: சிரமதானம்' என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகிறோம். வேலைநாளில் வந்து மணல் சுமக்கிற பெண்ணுக்கு அன்றைய பேர் (நாட்கூலிப் பதிவு) போகிறது. பேர் குறைந்தால் வரவுக்கான கொடுப்பனவும் குறையலாம். ஞாயிறு ஒன்றுதான் அவருக்கு உடுப்புத் துவைக்கிற நாள். ஆகவே பாதியையாவது கூலியாகப் போடுங்கள். நிதி கொடுப்பவர் ஏன் என்று கேட்டால் 180 நடைக் கணக்கைக் காட்டுங்கள். நான் காட்டியபோது ஒருவரும் மறுக்கவில்லை. தோட்டத்து ட்ரக்டரை ஒரு நாள் தர முடியுமா என்று துரையிடம் கேட்பதும் பயன்படும். அதைக் கம்பனியின் பங்களிப்பாகப் பெயர் சொல்லி எழுதினால் அடுத்த முறையும் தருவார்கள்.

விலையைப் பற்றி 2022 கற்றுத் தந்ததை மறக்கவேண்டாம். மார்ச்சில் ரூபா மிதக்கவிடப்பட்டது. 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360 ஐத் தொட்டது. ஜனவரியில் எடுத்த கொட்டேசனோடு சீமெந்து வாங்கப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். கொட்டேசனில் எத்தனை நாள் செல்லுபடி என்று எழுதி வாங்குங்கள், எதிர்பாராச் செலவுக்குப் பத்து வீதமாவது ஒதுக்குங்கள்.

மழையும் வரவுசெலவில் ஒரு வரிதான். ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் மே கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. அங்கே கொங்கிரீட் வேலையை ஜனவரியிலிருந்து ஏப்ரலுக்குள் வையுங்கள். பதுளை, பசறை, லுணுகலைப் பக்கம் ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரைதான் அடைமழை. அங்கே ஜூன், ஜூலை நல்ல காலம். இரண்டு மாவட்டத்துக்கும் ஒரே அட்டவணை போட்டு அனுப்பும் கொழும்புக் கந்தோருக்கு இதை வருடா வருடம் சொல்லவேண்டியிருக்கிறது.

ஒப்பந்தம், பணம், பில்

ஒப்பந்தம் தமிழில், இரண்டு பக்கத்துக்கு மேற்படாமல். கூட்டத்தில் ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும். வாசிக்கும்போது யாராவது இடைமறித்துக் கேட்டால் அந்த வரியை அங்கேயே திருத்துங்கள். பணத்தை மூன்று தவணையாகக் கொடுப்பது என் வழக்கம்; இரண்டாம் தவணை, முதல் தவணையின் பில்லைப் பார்த்த பிறகு; கடைசிச் சிறு தொகை, தண்ணீர் ஒரு மாதம் ஓடிய பிறகு.

பொருள் வாங்கப் போகும்போது பொருளாளர் தனியாகப் போகவேண்டாம், மாதர் சங்கத்திலிருந்து ஒருவர் உடன் போகட்டும். ஹாட்வெயார் கடையில் மெஷினில் வருகிற பளபளப்பான பில் ஆறு மாதத்தில் வெறும் தாளாகிவிடும். நம் ஊர் ஈரத்துக்கு அதைவிடச் சீக்கிரம். அன்றே போட்டோப் பிரதி எடுத்து இரண்டையும் சேர்த்துப் பின் அடியுங்கள். தலைச்சுமைக்காரருக்குப் பில் கிடையாது; பெயர், அடையாள அட்டை இலக்கம், நாள், தொகை, கையெழுத்து என்று ஒரு கொப்பி போதும்.

இன்னொன்று, செலவுக் கணக்கைப் பெரிய எழுத்தில் எழுதிப் பிரட்டுக்களத்திலோ (காலையில் வேலை பிரிக்கும் இடம்) கோயில் சுவரிலோ ஒட்டுங்கள். வந்தது இவ்வளவு, சீமெந்துக்கு இவ்வளவு, கூலிக்கு இவ்வளவு, மீதி இவ்வளவு. நிறுவனத்தின் சின்னம் போட்ட பெயர்ப்பலகைக்குக் கொடுக்கிற காசில் இதைப் பத்துத் தடவை எழுதலாம். ஒட்டிய மறுநாள் யாராவது ஒரு கேள்வியோடு வருவார். அப்போதே பதில் சொன்னால் விடயம் அங்கேயே முடிந்துவிடும். சொல்லாவிட்டால் அது தொழிற்சங்கக் கந்தோர் வரை போகும்.

வேலை முடிந்த பிறகு

பராமரிப்புக் காசை முதல் நாளிலிருந்தே பேசுங்கள். வீட்டுக்கு மாதம் நூறு ரூபா என்றால் முப்பது வீட்டுக்கு மூவாயிரம். ஒரு வால்வும் கொஞ்சம் பைப்பும் மாற்ற அது போதும். மரண உதவிச் சங்கம் காசு சேர்க்க வரும்போதே இதையும் சேர்த்து, தனிக் கொப்பியில் எழுதட்டும். குழாய் பழுதுபார்க்கத் தெரிந்த ஆள் ஒருவர் லயத்திலேயே இருப்பார். அவருக்கு ஒரு பைப் ரெஞ்சையும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு சின்னத் தொகையையும் கொடுங்கள்.

பொகவந்தலாவை வேலையை எப்படிச் சரிசெய்தோம் என்றால், மேல்பிரிவிலும் கீழ்ப்பிரிவிலும் ஆட்களைக் கூட்டி ஊற்றடியிலேயே கூட்டம் வைத்தோம். அரைமணி நேரம் ஏச்சு வாங்கினேன். எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்கியதில் மீதி இருந்தது. நிதி கொடுத்தவர்களிடம் எழுதிக் கேட்டு, மேல்பிரிவுக்கு இரண்டு குழாய் போட்டோம். வால்வைச் சுற்றி ஒரு சீமெந்துப் பெட்டி கட்டி இரும்பு மூடி வைத்தோம். மூடிக்கு இரண்டு பூட்டு, இரண்டும் திறந்தால்தான் வால்வில் கை வைக்கலாம். ஒரு சாவி மேல்பிரிவு மாதர் சங்கத்திடம், அன்று விறகு கட்டிக்கொண்டிருந்த அம்மாவின் வீட்டில். மற்றது கீழ்ப்பிரிவு மரண உதவிச் சங்கத் தலைவர் வீட்டில், சாமிப் படத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது.